காலடி மண்: வாசகர் கேள்விகள்

போன இதழில் வீட்டுக் கடைக்காலின் ஆழம் பற்றி எழுதியபோது, "நிலநடுக்கம் வந்தால் ஈர மணல் குழம்பாகிவிடும், அது தனிக்கதை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். முப்பத்தாறு வருஷம் மண்ணில் துளை போட்டுப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். மண்ணைப் பற்றி யாராவது கேட்டால் நிறுத்தத் தெரியாது. அதனால் பள்ளி, மருத்துவமனை, அரங்கம் என்று பொதுக் கட்டடங்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மணல் எப்படிங்க குழம்பாகும்? மணல் மணல்தானே? (ஒரு வாசகி, மயிலாடுதுறை)

அம்மா, உங்கள் ஊர்ப்பக்கம் அரிசியைப் படியில் அளந்து கைமாற்று வாங்கிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். என் அம்மா கடன் அரிசியைத் திருப்பிக் கொடுக்கும்போது படியை மெதுவாக நிரப்பி, தலைதட்டி, அசைக்காமல் எடுத்துப் போவாள். எதிர்வீட்டுப் பாட்டி லேசுப்பட்டவள் இல்லை. வாங்கியதும் வாசல்படியிலேயே படியை இரண்டு தட்டு தட்டுவாள். அரிசி ஒரு விரற்கடை இறங்கிவிடும். "பாத்தியாடி, குறையறது" என்பாள். இந்தச் சண்டையில்தான் நான் மண்ணியல் படித்தேன் என்று சொல்லலாம்.

தளர்வாகக் கிடக்கும் மணலும் அந்த அரிசிதான். குலுக்கினால் இறங்கும். உலர்ந்த மணலாக இருந்தால் இறங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆனால் மணலுக்கு இடையில் இருக்கிற இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தால்? மணல்மணி இறங்கவேண்டுமானால் அந்தத் தண்ணீர் விலகி வழிவிட வேண்டும். நிலநடுக்கமோ சில பத்து நொடிகளில் முடிந்துவிடும். மெல்லிய இடுக்குகள் வழியாகத் தண்ணீர் வெளியேற அந்த நேரம் போதாது. மேலே இருக்கிற பாரமெல்லாம் மணலை விட்டுத் தண்ணீரின் தலையில் ஏறும். தண்ணீரின் அழுத்தம் எகிறும். ஒன்றையொன்று பிடித்திருந்த மணல்மணிகள் பிடியை விட்டுவிடும். அந்தச் சில நிமிஷங்களுக்கு அது மணல் இல்லை, கெட்டியான கஞ்சி. கனமான கட்டடம் அதில் அமிழும். காலியான நிலத்தடித் தொட்டியும் பாதாளச் சாக்கடை மூடியும் மிதந்து மேலே வரும். வெடித்த இடங்களிலெல்லாம் மணலும் தண்ணீருமாகப் பீறிட்டுச் சின்னச் சின்ன எரிமலை மாதிரிக் குவியும்.

1964 ஜூன் 16-ஆம் தேதி ஜப்பானின் நீகாட்டா நகரத்தில் இதை உலகமே படம் பிடித்துப் பார்த்தது. ஆற்றோரத்தில் இருந்த நாலு மாடிக் குடியிருப்புகள் சாய்ந்தன. ஒன்று ஏறக்குறையப் படுத்தேவிட்டது. சுவர் உடையவில்லை, தூண் முறியவில்லை. ஆட்கள் ஜன்னல் வழியாக வெளியே வந்து சுவர்மேல் நடந்து இறங்கினார்கள். சாய்ந்தவற்றில் சிலவற்றை ஜாக்கி வைத்து நிமிர்த்தி மறுபடி குடியேறியும் இருக்கிறார்கள். கட்டடம் கட்டியவர் மேல் குறை சொல்ல வழியே இல்லை. கீழே இருந்தது கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1934 ஜனவரி 15, பீகார்–நேபாள நிலநடுக்கம். சீதாமடி, மதுபனி, பூர்ணியா என்று நீண்ட ஒரு பட்டை முழுவதும் வீடுகள் சாய்ந்தும் புதைந்தும் போயின. வயல்களில் மணல் கொட்டியது, கிணறுகள் மணலால் தூர்ந்தன. அந்தப் பகுதிக்கு நிலவியல்காரர்கள் வைத்த பெயரே 'அமிழ்ந்த பட்டை' என்ற அர்த்தத்தில்தான்.

சேலத்தில் இது வருமா? (ஒரு வாசகர், சேலம்)

வராது ஐயா. உங்கள் காலடியில் பாறை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

நான் வேலை செய்யும் ஊரில் எல்லாப் பெரிய கட்டடமும் பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) அடித்துத்தான் கட்டுகிறார்கள். அப்புறம் மண்ணை வேறு ஏன் பலப்படுத்த வேண்டும்? (ஒரு வாசகர், காந்திதாம், குஜராத்)

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது தம்பி. உங்கள் ஊரிலிருந்து ஆட்டோ பிடித்தால் போய்விடலாம், காண்ட்லா துறைமுகம். அங்கே துறைமுகமும் சுங்கத் துறையும் இருந்த கோபுரக் கட்டடம் ஒன்று, 22 மீட்டர் உயரம். அடியில் 32 பைல்கள், ஒவ்வொன்றும் 18 மீட்டர் நீளம். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் அது சாய்ந்தது. உச்சியில் அளந்தால் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் விலகல்.

பைல் மேலே பத்து மீட்டருக்குமேல் களிமண்ணைத் தாண்டி, கீழே மணலில் போய்க் கால் ஊன்றியிருந்தது. ஊன்றிய அந்த மணல்தான் பிடியை விட்டது. நிற்கிறவனின் காலுக்கடியிலிருந்து பாயை உருவினால் எத்தனை நீளக் கால் இருந்து என்ன?

பைல் கூடாது என்று நான் சொல்லவில்லை. இளகாத இறுக்கமான அடுக்குவரை போய் நிற்கிற பைல் காப்பாற்றும். நானே நூற்றுக்கணக்கில் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் நடுவில் இளகும் அடுக்கு இருந்தால் பைலுக்கு இரண்டு சோதனை. பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டிருந்த மண் போய்விடுவதால் அது வெறும் ஒல்லிக் கம்பாகிவிடும். கூடவே ஆற்றங்கரையோ கடற்கரையோ பக்கத்தில் இருந்தால், இளகிய மண் மொத்தமும் தண்ணீர்ப் பக்கம் நழுவும்போது பைலையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் பைல் எத்தனை நீளம் என்று கேட்டால் போதாது. எந்த மண்ணில் முடிகிறது என்றும் கேளுங்கள்.

எங்கள் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. தூர்த்த நிலம். "கீழே மண்ணை இறுக்கப் போகிறோம்" என்கிறார்கள். என்ன செய்வார்கள்? (ஒரு ஆசிரியை, போர்ட் பிளேர்)

டீச்சர், 2002-ல் வந்த நிலநடுக்க வரைபடத்தில் அந்தமான் முழுக்க ஐந்தாம் மண்டலம், அதிலேயே ஆபத்து மிக அதிகமான வகை. 2004 டிசம்பர் 26-ஐ நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியவர். அதனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லா முறையும் அந்தப் பாட்டி படியைத் தட்டின கதையில் அடங்கும். நிலநடுக்கம் வந்து தட்டுவதற்குமுன் நாமே தட்டிவிடுவது முதல் வழி. கிரேனில் ஒரு நீண்ட இரும்பு உருளை தொங்கும். உள்ளே மோட்டார், கனமான சுற்றுப்பாரம். ஓடவிட்டால் உருளை பக்கவாட்டில் அதிரும். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே தன் எடையில் மணலுக்குள் இறங்கிவிடும். ஜெர்மனியில் 1930-களில் வந்த முறை. இதைச் செய்யும்போது நீங்கள் மாணவர்களைக் கூட்டிப்போய் தூர நின்று காட்ட வேண்டும். உருளையைச் சுற்றி நிலம் கிண்ணம்போல உள்வாங்கும். லாரியில் மணலோ ஜல்லியோ கொட்டக் கொட்ட விழுங்கிக்கொண்டே இருக்கும். பத்து மீட்டர் ஆழத்துக்கு அதிரவைத்தால் தரைமட்டம் அரை மீட்டருக்கும் மேல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாம் பிடிக்கவில்லையானால் அந்த அரை மீட்டரில் எத்தனையோ பங்கை ஒரு நாள் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது நிலநடுக்கம் பிடித்திருக்கும்.

மணலில் வண்டல் தூள் கூடுதலாக இருந்தால் இந்த அதிர்வு ஏறாது. அப்போது அதே உருளை போட்ட துளையில் கருங்கல் ஜல்லியைப் போட்டு இடித்து இடித்துத் தூணாக எழுப்புவார்கள். சைட்டில் 'ஸ்டோன் காலம்' என்பார்கள். சுற்றி இருக்கும் மண்ணை நெருக்கும், பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும், ஜல்லி இடுக்கு வழியாகத் தண்ணீர் மேலேறித் தப்பிக்கவும் ஒரு வழி இருக்கும். ஜப்பானில் ஜல்லிக்குப் பதில் மணலையே தூணாக இறுக்குவது வழக்கம். டோக்கியோ டிஸ்னிலாண்டும் தூர்த்த நிலம்தான். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில், மண்ணை இறுக்கியிருந்த பூங்காப் பகுதி நின்றது. இறுக்காமல் விட்ட கார் நிறுத்துமிடம் குழம்பாகிப் போனது. ஒரே வேலிக்குள் இரண்டு பரீட்சை முடிவுகள்.

இரண்டாவது வழி, மணியை மணியோடு ஒட்டிவிடுவது. பொரியில் வெல்லப்பாகு ஊற்றினால் உருண்டை பிடிக்கலாம் இல்லையா, அதே சங்கதி. பாகுக்குப் பதில் சிமெண்டுக் கரைசல் அல்லது ரசாயனம். பாகு கெட்டியாக இருந்தால் பொரிக்குள் இறங்காது என்பது சமையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நைஸ் மணலில் சாதாரண சிமெண்டுக் கரைசல் மேலேயே நின்றுவிடும். அதற்கு இன்னும் நுண்ணிய பொருள் வேண்டும், விலையும் ஏறும்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மணலை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றிச் சிமெண்டு கலந்த மண்ணாலேயே நிலத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் சுவர் எழுப்புவது. இட்லித் தட்டின் குழி மாவை அங்கங்கே பிடித்து வைப்பதுபோல, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் மணலால் அதிகம் அசைய முடியாது. அசையாத மணல் இளகாது. 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்தின்போது துறைமுகத்தில், மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த தூர்த்த நிலத்தில், 14 மாடி ஓட்டல் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அடியில் இப்படிக் கட்டம் கட்டமாகச் சுவர். சுற்றியிருந்த கரைச்சுவர்கள் கடலைப் பார்த்து ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று நகர்ந்தன. ஓட்டலுக்குச் சேதமில்லை.

உங்கள் பள்ளிக்கு எது பொருந்தும் என்று இங்கிருந்து சொன்னால் நான் ஜோசியக்காரன். அங்கே இருப்பது சுத்த மணலா, பவளக் கல்லா, களியா, குப்பையா என்று துளை போட்டால்தான் தெரியும். ஆனால் ஒன்று கேளுங்கள்: இறுக்கி முடித்தபின், தூணுக்கும் தூணுக்கும் நடுவில் மறுபடி துளை போட்டுச் சோதிக்க டெண்டரில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? தூணின் மேலேயே சோதித்துவிட்டு "பிரமாதம்" என்று எழுதுகிற ஆட்களை நான் சந்தித்திருக்கிறேன்.

நான் இங்கே நர்ஸ். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டவுன் ஹாலை இடிக்காமல் எட்டு வருஷம் மூடி வைத்து, அடிமண்ணைச் சரிசெய்து திறந்தார்கள். கட்டடம் மேலே நிற்கும்போது கீழே எப்படி வேலை செய்ய முடியும்? அவ்வளவு செலவு தேவையா? (ஒரு வாசகி, கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து)

அம்மா, 2011 பிப்ரவரி 22-ல் 185 பேரைப் பறிகொடுத்த ஊர் உங்களுடையது. அன்று தெருவெல்லாம் சாம்பல் நிறச் சேறு பொங்கி, கல்லூரிப் பிள்ளைகள் மண்வெட்டியோடு வந்து அள்ளிப்போட்டதைப் படத்தில் பார்த்தவன் நான். கிழக்குப் பகுதியில் பல ஆயிரம் வீடுகளை அரசே வாங்கி இடித்து, அந்த நிலத்தில் இனி வீடே வேண்டாம் என்று விட்டுவிட்டது. 'மண்ணோடு மல்லுக்கட்டாதே' என்பதும் ஒரு பொறியியல் முடிவுதான்.

டவுன் ஹால் ஏவன் ஆற்றங்கரையில் இருக்கிறது. அடிமண் இளகி ஆற்றுப்பக்கம் நழுவியதில் கட்டடமும் ஏறுமாறாக இறங்கியது. மேலே கட்டடம் இருப்பதால் அந்த அதிரும் உருளையெல்லாம் பக்கத்திலேயே கொண்டுவர முடியாது. அதற்குத்தான் ஜெட் கிரவுட்டிங். தரையில் ஒரு சின்னத் துளை. அதில் ஒல்லியான குழாயை அடிவரை இறக்கி, அதன் பக்கவாட்டுத் துவாரம் வழியாகச் சிமெண்டுக் கரைசலைப் பீய்ச்சுவார்கள். வளிமண்டல அழுத்தத்தைப்போல 400 மடங்கு அளவில் அழுத்தம்; கத்திபோல மண்ணை அறுக்கும். குழாயைச் சுழற்றிக்கொண்டே மெதுவாக மேலே தூக்கினால், வெட்டுப்பட்ட மண்ணும் சிமெண்டும் கலந்து அகலமான ஒரு தூண் உள்ளேயே உருவாகிவிடும். தரையில் தெரிவது கையகலத் துளை; கீழே ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண். சின்ன இயந்திரம் போதும் என்பதால் கூரைக்கு அடியிலும் வேலை செய்யலாம். கூடவே சேறும் சிமெண்டுமாக ஒரு கழிவு மேலே பொங்கி வரும். அந்த வேலை நடக்கும் இடத்துக்கு நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

தேவையா என்று கேட்டீர்கள். 1972-ல் திறந்த அந்த அரங்கத்தின் ஒலியமைப்புக்கு உலகமெல்லாம் பெயர். இடித்துவிட்டால் அந்த ஒலியை மறுபடி கட்டுவது எப்படி? அந்த ஊர்க்காரர்கள் அது வேண்டும் என்றார்கள், 2019-ல் திரும்பக் கிடைத்தது. சங்கீதம் கேட்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் பொறியாளனாக நான் உதாரணம் காட்டுவது உங்கள் ஊர்க் கலைக்கூடத்தை. நிலநடுக்கம் முடிந்ததும் மீட்புப் பணியின் தலைமையகத்தை அங்கேதான் வைத்தார்கள். ஓவியம் மாட்டுகிற கட்டடம் ஒரே நாளில் போர்க்காலத் தலைமையகமாகிவிட்டது. பொதுக் கட்டடம் என்றால் அர்த்தம் இதுதான். வீடு இழந்தவன் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவான், அடிபட்டவன் ஆஸ்பத்திரிக்கு, உத்தரவு போடுகிறவன் ஏதாவது ஒரு பெரிய கூடத்துக்கு. அதனால்தான் வீட்டுக்குச் செலவழிக்க முடியாத காசை அங்கே மண்ணுக்குள் போடச் சொல்கிறோம். பிறகு அந்தக் கலைக்கூடத்தையும் மூடி, அடியில் கரைசலைச் செலுத்திக் கட்டடத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி மட்டம் பார்த்து, அதிர்வு வாங்கிகள் பொருத்தி, 2015 டிசம்பரில் திறந்தார்கள்.

மண்ணுக்குள் போட்ட காசுக்கு ரிப்பன் வெட்ட முடியாது. எந்த மந்திரியும் ஜெட் கிரவுட் தூணுக்குக் கல்வெட்டு வைத்து நான் பார்த்ததில்லை.

பாக்டீரியாவை வைத்தே மணலைக் கல்லாக்கலாம் என்று படித்தேன். உண்மையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

உண்மை. ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்று ஒரு பாக்டீரியா யூரியாவை உடைக்கும். கால்சியமும் சேர்த்துக் கொடுத்தால் மணல்மணிகள் தொடும் இடத்தில் சுண்ணாம்புப் படிகம் வளர்ந்து ஒட்டும். கூடவே அம்மோனியாவும் வரும், அதைக் கழுவி வெளியேற்ற வேண்டும். ஒரு சிலிண்டர் மணலில் செய்து பார்ப்பது உங்கள் புராஜெக்டுக்கு அருமையான விஷயம். ஆஸ்பத்திரிக்கு அடியில் போட இப்போதைக்கு நான் சிமெண்டையே கேட்பேன்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் பள்ளி. புதுக் கட்டடத்துக்கு சாயில் டெஸ்ட் அறிக்கை வந்திருக்கிறது, முப்பது பக்கம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதைப் பார்க்க வேண்டும்? (தலைமையாசிரியை, திருவொற்றியூர்)

அம்மா, முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2002-ல் வரைபடத்தைத் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. பூஜ் மாதிரியோ அந்தமான் மாதிரியோ அல்ல. மிதமான நடுக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடலோர மணல், மேலேயே தண்ணீர் என்ற இரண்டும் உங்களிடம் இருப்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும். பெரும்பாலும் அடித்தளத்தைக் கொஞ்சம் மாற்றுவதோடு முடிந்துவிடும்.

அறிக்கையில் 'N மதிப்பு' (N என்ற ஆங்கில எழுத்து) என்று ஒரு பத்தி இருக்கும். அது எப்படி வருகிறது தெரியுமா? முக்காலி நட்டு, துளைக்குள் குழாயை இறக்கி, 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுவார்கள். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் விட்டுவிட்டு, அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். பத்துக்குக் கீழே என்றால் மணல் தளர்வு. முப்பதைத் தாண்டினால் இளகும் கவலை அநேகமாக இல்லை. நடுவில் இருந்தால் ஆழம், தண்ணீர், வண்டல் எல்லாம் சேர்த்துக் கணக்கு, நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பிலேயே அதற்குப் பின்னிணைப்பு இருக்கிறது. அந்தக் கணக்கு உங்கள் முப்பது பக்கத்தில் எங்கே என்று கேளுங்கள்.

அடுத்து, டைப் அடித்த பக்கத்தை மூடிவிட்டு, சைட்டில் கையால் எழுதின தாளைக் கேளுங்கள். ஒரு முறை ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்கு நான் சொல்லாமல் கொள்ளாமல் சைட்டுக்குப் போனேன். மத்தியானம் இரண்டு மணி. முக்காலி நிற்கிறது, சம்மட்டி தரையில் கிடக்கிறது, ஆட்கள் வேப்பமரத்தடியில் சாப்பாடு. மேற்பார்வைப் பையன் மடியில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தான்: 12, 14, 16, 18, 20. துளை இன்னும் நாலு மீட்டரைத் தாண்டவில்லை; தாள் பதினைந்து மீட்டருக்குப் போயிருந்தது. "ஏம்ப்பா, மண்ணு உனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்குதா?" என்றேன். மறுபடி போட்டபோது ஆறு மீட்டரில் 5 வந்தது. உண்மையான மண் ஏறும், இறங்கும், சில இடத்தில் முரண்டு பிடிக்கும். உங்கள் அறிக்கையில் எண்கள் படிக்கட்டு மாதிரி அழகாக ஏறினால் சந்தேகப்படுங்கள்.

எல்லா எண்ணும் சின்னதாக இருந்தாலும் உடனே பதறாதீர்கள். துளைக்குள் தண்ணீர் மட்டத்தைக் குறையவிட்டால் அடியிலிருந்து மணல் பொங்கி ஏறித் தளர்ந்துவிடும். சம்மட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். அது ஆட்களின் அவசரம், மண்ணின் குற்றம் இல்லை.

கடைசியாக ஒன்று, இதை யாரும் கேட்பதில்லை. தண்ணீர் மட்டம் எந்த மாதம் அளந்தது? தண்ணீருக்கு மேலே இருக்கும் மணல் இளகாது. அதனால் இந்த ஓர் எண்ணை மாற்றினால் கணக்கே மாறிவிடும். சைட் வேலையெல்லாம் நம் ஊரில் வெயில் காலத்தில்தான் ஓடும். மே மாதம் அளந்தால் தண்ணீர் ஆழத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு அதே இடத்தில் குனிந்து மொண்டுவிடலாம். நிலநடுக்கம் மே மாதம்தான் வருவேன் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

உங்கள் பள்ளியில் பழைய கிணறு இருக்கும் என்று நினைக்கிறேன். வாட்ச்மேனிடம் ஒரு கயிறும் கல்லும் கொடுத்து, தீபாவளி முடிந்து நல்ல மழை விட்ட மறுநாள் தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடி என்று அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணையும், அறிக்கையின் துளைப் பக்கங்களின் நகலையும் இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.